உறை தேய்ந்த நரம்பு

மொரப்பூரில் என் பெரியம்மா முகம் கழுவவே அஞ்சுவார். வலக் கன்னத்தில் தண்ணீர் பட்டால் போதும். 'ஷாக்' அடித்தாற்போல் வலி வெட்டும். சில நொடிகளில் மறையும், மறுபடி வரும். சொத்தைப் பல் என்று எண்ணி இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. 'கொத்துத் தலைவலி' என்றார் இன்னொருவர். ஒரே பக்கம், கண்ணைச் சுற்றி வரும் கொடிய தலைவலி அது.

மாணவர்களே, இங்கே முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை! கொத்துத் தலைவலி வந்தால் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் வழியும், மூக்கு அடைக்கும். நோயாளியால் படுக்க முடியாது, எழுந்து நடப்பார். பெரியம்மாவுக்கோ நொடிக் கணக்கு, அதுவும் தொட்டால்தான். அது முக்கிளை நரம்பு வலி.

முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்வது இந்த நரம்பு. மின்கம்பிக்கு ரப்பர் உறைபோல, இதன் இழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. மூளைத்தண்டின் அருகே ஒரு தமனி வளைந்து இதன்மேல் சாய்ந்துவிட்டால்? இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிப்பதாகக் கொள்வோம். ஒரு நாளில் எத்தனை இடி? பெருக்கிப் பாருங்கள்: 1,03,680! ஆண்டுக்கணக்கில் இடிபட்டு உறை தேய்கிறது. தொடு உணர்ச்சியைச் சுமக்கும் இழையிலிருந்து வலி இழைக்குத் துடிப்பு தாவிவிடுகிறது. (கம்பி உவமையை இதற்கு மேல் இழுக்காதீர்கள். நரம்பில் நடப்பது எலக்ட்ரான் ஓட்டமன்று. அயனிகள் சவ்வைக் கடப்பது.)

தமனி இப்படி அழுத்துவதை 1934-இல் வால்டர் டேண்டி எழுதினார். 1960-களில் பீட்டர் ஜனெட்டா இரண்டையும் பிரித்து இடையே மெத்தை வைக்கும் அறுவை முறையை வளர்த்தார். நம் நாட்டில் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூரில்தான். மொரப்பூரில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினால் பக்கம். பெரியம்மாவுக்கு அறுவை தேவைப்படவில்லை. கார்பமசிபின் மாத்திரையிலேயே வலி அடங்கியது.

தமனியே பழுதானால் கதை வேறு. கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்தாலும் ஒரு பக்கம் வலிக்கும். இமை தொங்கும், கண்மணி சுருங்கும். கொத்துத் தலைவலியிலும் இவை உண்டு! கண்ணுக்குச் செல்லும் சில நரம்பிழைகள் அந்தத் தமனியைப் பற்றிக்கொண்டே ஏறுவதுதான் காரணம். ஆனால் கிழிசலில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலித்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் தமனி அழற்சியாக இருக்கலாம்; பார்வையே போய்விடும். அன்றைக்கே ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் கண் பிழைக்கும்.