பெட்டிக்குள் அடங்கும் நாடகம்

உட்காருங்கள், டீ வரட்டும். எடின்பரோவில் ஆகஸ்டு மாதம் நடக்கிற ஃபிரிஞ்ச் விழாவைப் பற்றிக் கேட்டீர்கள். மூவாயிரத்துக்கும் மேலான நிகழ்ச்சிகளை யார் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. யாருமே தேர்ந்தெடுப்பதில்லை. அந்த விழாவின் உயிரே அதில்தான் இருக்கிறது.

1947-ல் எடின்பரோவில் பெரிய கலை விழா ஒன்று தொடங்கியது. அதற்கு அழைக்கப்படாத எட்டுக் குழுக்கள் அதே நாட்களில் தாங்களாகவே வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. இன்றும் இடம் பிடிப்பது, செலவைத் தாங்குவது, தெருவில் நின்று நோட்டீஸ் கொடுத்து ஆள் சேர்ப்பது எல்லாமே குழுவின் பொறுப்பு. ஒரே அறையில் காலை முதல் இரவு வரை ஒன்று மாற்றி ஒன்றாக ஆட்டம் நடக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். ஒரு குழு கிளம்பி அடுத்தது நுழையச் சில நிமிடங்களே கிடைக்கும். அதனால் அரங்கில் பெரிதாக எதையும் நிறுத்த முடியாது. ஒரு நாற்காலி, ஒரு துணி, இரண்டு நடிகர்கள். மீதியைப் பார்க்கிறவர் மனம் கட்டிக்கொள்ள வேண்டும்.

போர்ட் பிளேரில் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் புதிது. நாம் விருந்தினரை அழைத்துப் போவது செல்லுலார் சிறையின் ஒலி, ஒளிக் காட்சிக்கு. அதில் கதை சொல்லும் அரசமரம் பேசுவதைக் கேட்டு நானும் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் அது பதிவு செய்த குரல். கேட்பவர் அழுதாலும் இருமினாலும் அதற்குத் தெரியாது. சிறு நாடகத்தில் நீங்கள் மூச்சை இழுத்துப் பிடிப்பது நடிகருக்குக் கேட்கும். அதற்கேற்ப அவர் அடுத்த வரியை நிறுத்திச் சொல்வார்.

தமிழில் இப்படிப்பட்ட சிறு நாடகத்துக்கு நல்ல வரலாறு உண்டு. ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையை 1977-ல் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஞாநியின் பரீக்‌ஷாவும் மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் வந்தன. 1980-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் இவர்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்தினார்.

பாதல் சர்க்காரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நகரமைப்புத் திட்டமிடல் படித்து அந்த வேலையைப் பார்த்தவர். மேடை நாடகத்தில் பெரும் பெயர் எடுத்த பிறகு, மேடையையே விட்டு இறங்கினார். எழுபதுகளில் அவருடைய சதாப்தி குழு கொல்கத்தாவில் சாதாரண அறைகளிலும் பூங்காவிலும் நடித்தது. தன் நாடகத்துக்கு அவர் வைத்த தேவைகள் மூன்று: எந்த இடத்துக்கும் வளைந்து கொடுக்க வேண்டும், தூக்கிக்கொண்டு போக முடிய வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும். திரை, செட், விளக்கு எல்லாவற்றையும் கழித்த பிறகும் மிஞ்சும் மனித உடலும் எதிரே இருக்கும் மனிதரும் போதும் என்று நம்பினார். நம் வங்காளி அண்டை வீட்டுக்காரர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு நீளும்.

அடுத்த முறை சென்னைப் பக்கம் போகும்போது இப்படி ஒரு நாடகத்துக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஏப்ரலில் போனால் புதுச்சேரி அருகே ஆதிசக்திக்குப் போகலாம். அதை நிறுவிய வீணாபாணி சாவ்லா 2014-ல் மறைந்த பின், அவர் நினைவாக அங்கே விழா நடத்துகிறார்கள். அது குழுக்களை அழைத்து நடத்தும் விழா, ஃபிரிஞ்ச் அல்ல. ஆனாலும் நடிப்பை அருகிலிருந்து பார்த்துப் பழக நல்ல இடம். எங்கே போனாலும் ஒரே நாளில் நான்கைந்து நாடகம் பார்க்க ஆசைப்படாதீர்கள், இரண்டு போதும். பெயரையும் படத்தையும் நம்பிப் போகாமல், முந்தைய ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் கேளுங்கள். பிடிக்காவிட்டாலும் நடுவில் எழுந்து போகாதீர்கள். முப்பது பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் எழுந்தாலும் நடிகரைத் தாக்கும். முடிந்ததும் அவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். துண்டு ஏந்தி வந்தால் தாராளமாகப் போடுங்கள், அந்தப் பணத்தில்தான் அடுத்த ஊருக்குப் போவார்கள்.

எனக்கு இதில் இன்னொரு ஆசையும் இருக்கிறது. சென்னையிலிருந்து நமக்கு 1,350 கிலோமீட்டருக்கு மேல் கடல். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். பெரிய செட்டோடு ஒரு குழு இங்கே வந்து சேர்வதற்குள் கையிருப்பு கரைந்துவிடும். இரண்டு பெட்டியோடு வரும் குழுவோ இங்கே மட்டுமா, ரங்கத், டிக்லிப்பூர், கேம்ப்பெல் பே வரைக்கும் போகும். தீவுகளுக்கென்றே செய்த நாடகம் இது என்பது என் எண்ணம்.

ஆகவே நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இன்னிசைக் கச்சேரி பேசும்போது, அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். நான்கு நடிகர்களை அழைப்போம். பள்ளிக்கூடத்து ஹால் போதும், மைக்கும் வேண்டாம்.