மலை ஏறினாலும் இறங்காத பிரஷர்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் உயர் குருதி அமுக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், நாள் முழுக்க மலை ஏறி இறங்கும் எங்களுக்கு ஏன் பிரஷர் வருகிறது என்றுதான் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நடை நல்லதுதான். ஆனால், அளவுக்கு மீறிய உப்பை அது ஈடுசெய்யாது. காலையில் ரொட்டியும் சம்பலும், மதியம் சோற்றோடு கருவாடு அல்லது நெத்தலி. கறிக்குக் காசில்லாத வீட்டில் உப்பும் உறைப்பும்தான் துணை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய பல குடும்பங்களின் அடுப்படியிலும் இதே பழக்கம் உண்டு. உப்புக் கூடினால் உடல் நீரைத் தேக்கி வைக்கும். இரத்தத்தின் கனவளவு கூடும், அமுக்கம் ஏறும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் தேநீரிலேயே உப்புப் போட்டுக் குடிப்பார்கள். அங்கு நடந்த ஆய்வுகளும் உயர் அமுக்கத்தை உப்போடு தொடர்புபடுத்தின.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டி. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். கருவாட்டு உப்பும் இதற்குள் அடங்க வேண்டும். உப்புப் பைக்கற் எத்தனை நாளில் முடிகிறது என்று பாருங்கள், உங்கள் கணக்கு தெரிந்துவிடும்.

கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டுச் சமைக்கலாம். சம்பலில் உப்பைக் குறைத்துத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டலாம். லயனைச் சுற்றிக் கீரை போடலாம். வெற்றிலையோடு புகையிலையையும், மதுவையும் விட வேண்டும்.

இவை குளிசைக்கு மாற்றல்ல. 140/90க்கு மேல் இருந்தாலும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. அதனால் தலை சுற்றினால் மட்டும் குளிசை போடுவது ஆபத்து. கிளினிக் போனால் அன்றைய சம்பளம் போய்விடும் என்று குளிசையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். பாரிசவாதம் வந்தால் விழுந்தவரின் சம்பளத்தோடு, பார்த்துக்கொள்பவரின் சம்பளமும் போய்விடும்.

இதைத் தனி ஆளின் பொறுப்பாக மட்டும் விடக்கூடாது. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் அமுக்கம் அளந்து ஆலோசனை சொன்னார்கள். தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடங்களில் அங்கு மேல் அமுக்கம், வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்த கிராமங்களைவிடச் சராசரியாக 5 அலகுகள் கூடுதலாகக் குறைந்ததாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கிராமங்களில் முடிந்தது லயன்களிலும் முடியும். கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே அமுக்கத்தையும் அளந்தால் யாரும் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.