பேட்டரி கழட்டும்போது மைனஸ் ஏன் முதல்ல?

வீட்லயே கார் பேட்டரி மாத்துறவங்க அடிக்கடி பண்ற தப்பு, பிளஸ் வயரை முதல்ல கழட்டுறது. எதுல ஆரம்பிச்சா என்னன்னு தோணும். ஆனா இன்னைக்கு ஓடுற கார்கள்ல மைனஸ் வயர் நேரா பாடியோட இணைஞ்சிருக்கு. அதாவது, காரோட மொத்த இரும்பும் ஒரு மைனஸ் வயர் மாதிரி. பிளஸ் நட்டைத் திருப்புற ஸ்பேனர் பாடியில பட்டா ஷார்ட் சர்க்யூட்தான். வெறும் 12 வோல்ட்தானேன்னு விட்டுடாதீங்க; நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரன்ட் பாயும், கை வெந்துடும். சார்ஜ் ஆகும்போது பேட்டரியில இருந்து வந்த ஹைட்ரஜன் பக்கத்துல தங்கியிருந்தா, ஒரு பொறியே வெடிக்க வச்சிடும்.

மைனஸை முதல்ல கழட்டிட்டா, அப்புறம் ஸ்பேனர் பாடியில பட்டாலும் சர்க்யூட் முழுமையாகாது. மாட்டும்போது தலைகீழ்: பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசியில. மோதிரம், வாட்ச் ரெண்டையும் கழட்டி வச்சிடுங்க. நான் பார்க்குற சாஃப்ட்வேர் வேலையில அண்டூ பட்டன் இருக்கு. இங்க கிடையாது.