ஒளியை முந்துதல் கூடுமோ?

ஒளி வெற்றிடத்திலே செக்கனுக்கு 2,99,792 கிலோமீற்றர் செல்கின்றது. விடாது தள்ளிக்கொண்டேயிருந்தால் ஒரு பொருள் அவ்வேகத்தைக் கடவாதோ என்று மாணாக்கர் வினவுவர். நியூற்றனின் விதிகளை மட்டும் கற்றோர்க்கு அது நியாயமான வினாவே. பொறியின் வலுக்குறைவே தடையெனின், அது என்றேனும் ஒருநாள் நீங்கும். ஆயின் தடை அத்தகையதன்று.

1964இல் அமெரிக்காவிலே பேர்ட்டோசி என்பார் வெளியிட்ட பரிசோதனை இதனை ஐயமறக் காட்டும். இலத்திரன்களுக்குப் படிப்படியாகச் சத்தியை ஏற்றி, குறித்த தூரத்தைக் கடக்க அவை கொண்ட நேரத்தை அவர் அளந்தார். 150 இலட்சம் இலத்திரன்வோற்று சத்தி பெற்றவை, நியூற்றனின் கணக்கின்படி ஒளியினும் ஏழு மடங்குக்கு மேற்பட்ட வேகத்திற் சென்றிருத்தல் வேண்டும். அவையோ ஒளியின் வேகத்தை நெருங்கினவேயன்றி விஞ்சவில்லை. கொடுத்த சத்தி வழியில் வீணாயிற்றோ எனின், அதுவுமன்று. இடைப்பட்ட சத்தியுடையவற்றை அலுமினியத் தட்டில் மோதச்செய்து, அங்கு பிறந்த வெப்பத்தை அளந்தபோது, கொடுத்த சத்தி குறைவின்றி வந்து சேர்ந்திருந்தது. திணிவுடைய பொருள் ஒளியின் வேகத்தை எய்துதற்கே முடிவிலாச் சத்தி வேண்டும் என ஐன்ஸ்ரைன் 1905இல் கூறியதன் பொருள் இதுவே. (நீரினுள்ளே ஒளி தன் வேகத்திற் காற்பங்கை இழத்தலின், அங்கு விரைந்த இலத்திரன் அதனை முந்துதல் உண்டு. அப்போது தோன்றும் நீலவொளிக்குச் செரன்கோவின் பெயர் வழங்கும். எல்லையாவது வெற்றிடத்து ஒளிவேகமேயாதலின் இங்கு விதி மீறப்படவில்லை.)

எனினும் 2011 செப்டெம்பரில் ஒரு செய்தி உலகைத் திகைக்கவைத்தது. ஜெனீவாவிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வுகூடத்துக்கு 730 கிலோமீற்றர் நிலத்தினூடாகச் சென்ற நியூத்திரினோக்கள், ஒளியினும் 60 நனோசெக்கன் முந்தி வந்தன என்பதே அது. ஐன்ஸ்ரைன் வீழ்ந்தார் என அவசரப்பட்டோர் பலர். அளந்தவர்களோ அவசரப்படவில்லை, தமக்குப் புலப்படாத பிழை உண்டோ என ஆராயுமாறு பிறரை வேண்டினர்.

வானத்திலும் ஒரு சாட்சி இருந்தது. ஏறக்குறைய 1,60,000 ஒளியாண்டுத் தொலைவிலே வெடித்த விண்மீனொன்றின் நியூத்திரினோக்கள் 1987 பெப்ரவரியிற் பூமியை அடைந்தன. ஒளி சில மணிநேரம் பிந்தி வந்தது. வெடிப்பு விண்மீனின் மேற்பரப்பை எட்டுதற்குச் சென்ற நேரமே அவ்வேற்றுமைக்குக் காரணம். கிரான் சாசோவிற் கண்ட விகிதத்தில் அவையும் முந்தியிருப்பின், நான்கு ஆண்டு முன்னரே வந்திருத்தல் வேண்டும். இருவகை நியூத்திரினோக்களும் சத்தியில் வேறுபட்டவையாதலின் இச்சாட்சியம் வழக்கை முற்றாகத் தீர்க்கவில்லை.

தீர்த்தது ஒரு வடம். நேரத்தை அளக்கும் கருவித்தொகுதியிலே ஒளியிழை வடமொன்று சரிவரப் பொருந்தாதிருந்தமை பின்னர் அகப்பட்டது. 2012இல் மீண்டும் அளந்தபோது, நியூத்திரினோக்கள் வழுவெல்லைக்குள் ஒளியோடு ஒத்தே வந்து சேர்ந்தன.