வீட்டைப் பார்க்கும் முன் வட்டாரத்தைப் பாருங்கள்

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துத் தாமானில் வீடு வாங்கும்போது, மாதத் தவணையையும் மாதிரி வீட்டின் அழகையும்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். அறை சிறியதென்றால் இடித்துக் கட்டலாம். வட்டாரத்தை இடித்துக் கட்ட முடியுமா?

மலாக்கா, ஜாசின் மாவட்டத்துச் சுங்கை ரம்பாயை எடுத்துக்கொள்வோம். கடலோரத் தாழ்நிலம். கெசாங் ஆற்றைத் தாண்டினால் ஜொகூர். 2006 டிசம்பர் மழையில் இவ்விரு மாநிலங்களிலும் வெள்ளம் புகுந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே வீடு தேடுபவர் வெயில் நாளில் ஒரு முறையும், அடைமழைக்கு மறுநாள் ஒரு முறையும் போய்ப் பார்க்க வேண்டும். கால்வாய் நீர் எங்கே வடிகிறது? பக்கத்து வீட்டுச் சுவரில் சேற்றுக் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? விற்பவரை விட அந்தச் சுவர் உண்மை பேசும்!

அடுத்தது நிலம். மலாக்காவில் மரபு நிலம் என்றொரு வகை உண்டு. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி, மலாய்க்காரர் அல்லாதார் அதைப் பொதுவாக வாங்க முடியாது. விலை மலிவு என்று முன்பணம் கட்டிவிட்டுத் தவிப்பதை விட, நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பட்டா விவரத்தைத் தேடிப் பார்ப்பது மேல். நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா, குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம், வங்கியில் அடகு உள்ளதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் உள்ளவர்கள், தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம், பள்ளி வேன் அந்தத் தாமானுக்குள் வருமா என்று அங்கே குடியிருக்கும் தாய்மாரைக் கேளுங்கள். முடிந்தால், அதே வட்டாரத்தில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.