இரண்டு வாரத்து இருமல்

பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து குடியேறிய நம்மவர்க்கு உடம்பில் எந்தக் கோளாறு கண்டாலும் அதற்கொரு காரணம் ஆயத்தமாக இருக்கிறது. "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்போம்; "இந்த ஊர்ப் பனி ஆகவில்லை" என்போம். தண்ணீரும் பனியும் வாய் திறந்து மறுக்கப் போவதில்லை. ஆதலால் பழி அவற்றின்மேல் நிற்கிறது. நோய் உள்ளே வளர்கிறது. இந்தக் குற்றத்தை நாமே செய்தோம். அதனை ஒளியாமல் எழுதினால் அன்பர் சிலருக்கேனும் பயன்படும் என்று நம்பி இதனை எழுதத் துணிந்தோம்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நாகபுரியில் குளிர் தொடங்கியபோது எமக்கு இருமலும் தொடங்கிற்று. எமது வேலை இரயில்வே பார்சல் அலுவலகத்தில். சாக்குத் தூசிக்கு அங்கே பஞ்சமில்லை. குளிர் ஒரு காரணம், தூசி மற்றொரு காரணம் என்று நாட்களைக் கடத்தினோம். சுக்குக் கஷாயமும் மிளகுப் பாலும் இரவுதோறும் வந்தன. நாமே கடையில் கேட்டு வாங்கிய இருமல் மருந்து மூன்று சீசா தீர்ந்தது. மாலையில் உடம்பு காய்ந்தது, பின்னிரவில் வியர்த்தது, இடுப்பு பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிற்று. இவற்றையெல்லாம் தனித்தனியே கண்டோம், சேர்த்துப் பார்க்கவில்லை. மெய்யாகச் சொன்னால், சேர்த்துப் பார்க்க அஞ்சினோம்.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. அப்போது தஞ்சாவூரில் எம் தங்கைக்கு வரன் முடிவாகித் தை மாதத்தில் திருமணம் என்று பேச்சு. "அண்ணனுக்கு மார்பு நோயாம்" என்று ஒரு சொல் கிளம்பினால் என்ன ஆகும் என்று எண்ணி வாயை மூடிக்கொண்டோம்.

ஏழாவது வாரம் கைக்குட்டையில் இரத்தக் கறை கண்டது. அதைத் துவைக்க எடுத்த எம் துணைவியார் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "கல்யாணம் தள்ளிப் போனால் போகட்டும். நாளைக்கு லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் வாருங்கள்" என்றார். அந்தச் சொல்லே எம்மைக் காத்தது.

மருத்துவர் இரு முறை சளி எடுத்துச் சோதித்தார். மார்பை எக்ஸ்-ரே எடுத்தார். காசநோய் என்று உறுதியாயிற்று. அடுத்து அவர் கேட்ட கேள்விதான் எம்மை நிலைகுலையச் செய்தது: "வீட்டில் சிறு குழந்தை உண்டா?" இருமுவோரின் மூச்சுக் காற்றின் வழியே பரவுவது இந்நோய். நான்கு வயது மகனை மடியில் இருத்திக் கதை சொல்லியபடியே நாம் இருமிய மாலைகள் எத்தனை! நல்வேளையாக அவனுக்கு நோய் தொற்றவில்லை என்று சோதனையில் தெரிந்தது. எனினும் ஆறு மாதம் தடுப்பு மருந்து உண்ண வேண்டியதாயிற்று. எமது மௌனத்துக்கு அந்தப் பிள்ளை விலை கொடுத்தான்.

எமக்கு முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று வகை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. அது மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டா என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் இருமல் தணிந்து பசி திரும்பியது. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். குணமாயிற்று என்று மருந்தை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாக மாறக்கூடும். பின்னர் சிகிச்சை கடினமாகும். நாம் 2023 ஜூலையில்தான் நிறுத்தினோம், மருத்துவர் சொன்ன பிறகு.

முன்னாளில் இந்நோய் கண்டவரை மலையோரத்துச் சானடோரியத்துக்கு அனுப்புவது வழக்கம். வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமாகலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது நம் சென்னையே. 1956-இல் அங்கு தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், ஏழை நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை நெருக்கடியான அவர்தம் வீடுகளிலும் வைத்துச் சிகிச்சை அளித்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தந்தது என்று 1959-இல் வெளியான முடிவுகள் காட்டின. ஆதலால் வேலை போகும், குடும்பம் பிரியும் என்று அஞ்சி நோயை மறைப்பதற்கு இன்று நியாயமில்லை.

இருமலெல்லாம் காசநோய் அன்று. ஆயினும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது சளியில் இரத்தம் கண்டால், மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால், சளிச் சோதனை செய்தே தீர வேண்டும். அரசு மருத்துவ நிலையங்களில் இந்நோய்க்கான சோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்கென அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் வழங்குகிறது. இடையில் ஊருக்குப் போக நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சிகிச்சையை அங்குள்ள நிலையத்துக்கு மாற்றித் தருவார்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நாமே செய்தியைச் சொன்னோம். பெரியவர் கேட்டது ஒன்றே: "மருந்தை விடாமல் சாப்பிடுகிறீர்களா?" திருமணம் தையிலிருந்து ஆவணிக்கு மாறியது, அவ்வளவே. அன்பர்களே, உங்கள் வீட்டில் எவரேனும் இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருந்தால், பனியைக் குறை கூறாமல் நாளைக் காலையே அவரை அழைத்துச் செல்லுங்கள்.