கயிற்றுக் கடைசலும் மோட்டார் கடைசலும்

மீன்சுருட்டியில் இரண்டு பெரிய சாலைகள் வெட்டிக்கொள்கின்றன. ஒன்று விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போவது. மற்றது திருச்சியிலிருந்து சிதம்பரம் போவது. இன்று அந்த முக்கில் லாரியும் பேருந்தும் டிராக்டரும் ஓயாமல் போய்வருகின்றன. நெல்லும் கரும்பும் முந்திரிக்கொட்டையும் மாட்டு வண்டியில் போன நாட்களில், இந்தச் சுற்றுவட்டார ஆசாரிமாருக்குச் சோறு போட்ட பெரிய வேலைகளில் ஒன்று வண்டிச் சக்கரம்.

சக்கரத்தில் வட்டை உண்டு, ஆரக்கால் உண்டு, நடுவே குடம் உண்டு. மற்றதெல்லாம் பிசகினாலும் சரிசெய்துகொள்ளலாம். குடத்தின் துளை பிசகினால் அந்த மரம் விறகுக்குத்தான். இருசு நுழைகிற துளை ஒரு முகத்தில் நடுவிலும் மறு முகத்தில் சற்றே விலகியும் விழுந்துவிட்டால் சக்கரம் ஆடும். ஆடுகிற சக்கரம் இருசைத் தேய்க்கும், கடையாணியை அறுக்கும், வண்டியின் இழுவையைக் கூட்டும். கடைசியில் அத்தனையும் மாட்டின் கழுத்தில் வந்து விடியும். அதனால்தான் கவராயத்தை வைத்து இரண்டு முகத்திலும் நடுப்புள்ளி எடுத்து, நூல் பிடித்துப் பார்த்து, பிறகே துரப்பணத்தைத் தொடுவார்கள்.

அப்புறம் டயர் வண்டி வந்தது. இரும்பு அச்சும் பேரிங்கும் ஆலையிலிருந்து தயாராக வந்து இறங்கின. அதன் பின்னால் டிராக்டர். குடம் கடைவதற்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் மரத்தைச் சுழலவிட்டு அதன் நடுவே நேராகத் துளை போடுகிற கலை இன்னும் உயிரோடு இருக்கிறது. மீன்சுருட்டியிலிருந்து அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, திருப்பனந்தாள் வழியாக ஆடுதுறைப் பக்கம் இறங்கினால் நரசிங்கம்பேட்டை. நாதசுரம் செய்கிற ஊர். இந்த ஊர் நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைய கடைசலையும் இன்றைய கடைசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நாதசுரத்தின் உடல் பகுதிக்கு உலவு என்று பெயர். கீழே விரிந்த வாய் அணசு. மேலே கெண்டை, அதில் செருகிய சீவாளி. உலவுக்கு எடுக்கிற மரம் ஆச்சா. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடுகிற அளவுக்குக் கனம், உளியைத் திருப்பி அடிக்கிற கடினம். புதிதாக வெட்டிய மரம் ஆகாது. பல பத்தாண்டுகள் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே இடித்த பழைய வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்குகிறார்கள். பச்சை மரத்தில் துளை போட்டால், மரம் காயக் காய வட்டத் துளை முட்டை வடிவத்துக்குப் போய்விடும். நாற்காலிக் கால் என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஊதுகிற குழலில் அது சுருதியைக் கெடுத்துவிடும்.

அந்தத் துளை ஒரே பருமனாகவும் போவதில்லை. மேலே குறுகி, கீழே போகப் போக விரிகிறது. கூம்புபோல விரியும் அந்த உட்புறம்தான் மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியோடு ஒத்துப் பேசுமா என்பதைத் தீர்மானிக்கிறது. விரிவு ஓரிடத்தில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஏதோ ஒரு சுரம் அடம்பிடிக்கும். அப்படி அடம்பிடித்த சுரங்களில் பேர்போனது சுத்த மத்தியமம். குட்டையான, சுருதி ஏறிய திமிரி நாயனம் என்ற நாதசுர வகையில் அது வித்வான்களைப் படுத்தியது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி செய்துகொடுத்த நீண்ட பாரி நாயனம் அந்தக் குறையைத் தீர்த்தது. இன்று மேடையில் நாம் கேட்கிற கம்பீரமான நாதம் பெரும்பாலும் பாரியின் நாதம்தான். வாசித்தவரின் புகழ் ஊர் அறியும். மரத்துக்குள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் அந்த மாற்றத்தைச் செய்த ஆசாரியின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அன்றைய கடைசல் பட்டறை எப்படி இருந்தது? எதிரெதிராக இரண்டு கட்டைகள், அவற்றில் இரண்டு இரும்பு முனைகள், நடுவே மரம். மரத்தின்மேல் இரண்டு மூன்று சுற்றாகக் கயிறு. ஒருவர் எதிரே உட்கார்ந்து கயிற்றின் இரு நுனியையும் மாற்றி மாற்றி இழுப்பார். மரம் ஒரு முறை இப்படிச் சுழலும், அடுத்த முறை அப்படிச் சுழலும். ஆசாரி தரையில் உட்கார்ந்து, மரம் தன்னை நோக்கி வரும்போது மட்டும் உளியை அழுத்துவார், போகும்போது தளர்த்துவார். இது உலகமெங்கும் இருந்த முறை. கிமு 300ஐ ஒட்டிய எகிப்தின் பெட்டோசிரிஸ் கல்லறைச் சிற்பத்திலும் ஒருவர் வாரை இழுக்க, மற்றவர் கடைகிறார்.

இந்த முறையில் பாதி உழைப்பு வீண் என்று கணக்குப் போடலாம். சுழற்சியில் ஒரு பாதிதானே வெட்டுகிறது. ஆனால் துளை போடுகிறவரின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு மாறும். துரப்பணம் மரத்துக்குள் போகும்போது சீவல் பின்னால் வெளியே வர வேண்டும். வராவிட்டால் உள்ளேயே அடைத்து, சூடேறி, துரப்பணத்தைக் கவ்விக்கொள்ளும். கயிற்றுக் கடைசலில் மரம் எதிர்ப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கவ்வல் தளர்ந்தது, சூடும் தணிந்தது. துரப்பணம் சிக்கினால் கயிறு வழுக்கும், அல்லது இழுப்பவரின் கைக்கு உடனே தெரியும், அவர் நிறுத்திவிடுவார். இழுப்பவரும் கடைபவரும் பெரும்பாலும் ஒரே குடும்பம். அண்ணன் முகத்தைத் தம்பி பார்த்துக்கொண்டே இழுப்பான். அந்தப் பட்டறையில் வேறு பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் கிடையாது. தேவையான காவலை வேகக்குறைவே செய்துவந்தது.

மோட்டார் வந்ததும் கயிறு இழுத்தவரின் தோளுக்கு ஓய்வு கிடைத்தது. அது பெரிய விடுதலை. அந்த நாள் முழுக்க இழுக்கிற வேலையை யாரும் திரும்ப விரும்ப மாட்டார்கள், விரும்பவும் கூடாது. ஆனால் காவலும் கயிற்றோடு சேர்ந்தே போய்விட்டது. அதை இப்போது நாம்தான் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கம் கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண், விளக்குத் தண்டு, உளிப்பிடி கடைகிற எந்தத் தச்சுப் பட்டறைக்கும் இது பொருந்தும்.

முதலில் வேகம். நம் ஊர் மின்சாரத்தில் சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று வரை சுற்றும். அதை அப்படியே மரத்துக்குக் கொடுத்தால், 10 மி.மீ. பிட்டின் ஓரத்தில் மரம் நிமிடத்துக்கு 45 மீட்டர் வேகத்தில் உரசும். அதே சுற்றில் 50 மி.மீ. பிட் போட்டால் 226 மீட்டர். பிட் பெரிதாகும்போது புல்லியை மாற்றிச் சுற்றைக் குறைக்காதவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். துளையிலிருந்து புகை வரும், பிட்டின் முனை நீலம் பாரித்து மழுங்கும். மழுங்கிய பிட்டை இன்னும் அழுத்துவார்கள். அது மரத்தின் ரேகை போகிற பக்கமாக விலகும். பெரிய பிட்டுக்கு 500 சுற்றோ அதற்குக் கீழோ போதும். ஆச்சா மாதிரிக் கடின மரத்தில் இன்னும் குறைக்கலாம்.

அடுத்தது நேர். கடைசலில் துளை போடுவதற்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு: மரம் சுழல்கிறது, பிட் சுழலாமல் நிற்கிறது. கையில் பிடிக்கும் ட்ரில்லில் பிட் ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்தபடியே போய்க்கொண்டிருக்கும். சுழலும் மரமோ நிற்கும் பிட்டை ஓரளவு நடுவுக்கே இழுத்துக்கொண்டு வரும். ஆனால் அதற்கு மரத்தைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கின் முனையும் அதற்கு எதிரே நிற்கும் டெயில்ஸ்டாக்கின் முனையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இரண்டு கூர்முனைகளையும் நெருக்கிக் கொண்டுவந்து, ஒன்றையொன்று தொடுகிற இடத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் போதும். அரை மி.மீ. விலகினாலும் துளையின் வாய் பிட்டைவிட அகலமாகத் திறந்துவிடும்.

மரத்தின் முகத்தையும் தட்டையாகக் கடைய வேண்டும். அறுத்த கரடுமுரடான முகத்தில் பிட்டின் மூக்கை வைத்தால் அது மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சறுக்கும். முகம் கடைந்து, நடுவில் உளி முனையால் ஒரு சிறு குழி போட்டு, குட்டையான செண்டர் பிட்டால் அதை ஆழப்படுத்தி, அதன் பிறகுதான் நீளப் பிட். நீளப் பிட் வளையும், குட்டைப் பிட் வளையாது. இந்த வரிசையைச் சோம்பலில் தாண்டிப் போகிறவர்கள், நடுவிலிருந்து விலகிய துளையை மறுமுனையில்தான் பார்ப்பார்கள்.

நீளமான துளைக்கு இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஊதுகுழல் செய்கிறவர்கள் உலகெங்கும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள்: முதலில் துளை, பிறகு வெளிப்புறம். முழு மரத்தை ஓரளவு உருட்டி, துளையை முடித்துவிட்டு, அந்தத் துளையின் இரண்டு வாயிலும் கூம்பு முனைகளைச் செருகி மறுபடி கடைசலில் ஏற்றுகிறார்கள். அப்போது வெளிப்புறம் துளையை நடுவாகக் கொண்டே சுழலும். உள்ளே துளை ஒரு மயிரிழை வளைந்திருந்தாலும் இரு முனையிலும் சுவரின் தடிமன் ஒரே அளவாக நிற்கும். வெளியை அழகாகக் கடைந்து முடித்துவிட்டு அப்புறம் துளைக்கப் போனால் உழைப்பு முழுவதையும் பணயம் வைத்த மாதிரி ஆகும். விளக்குத் தண்டுக்கு ஒயர் போகும் துளை போடுகிறவர்களும் இதையே செய்யலாம். அவர்கள் இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கும்போது உள்ளே ஒரு சிறு படி விழுந்தால் பாதகமில்லை; ஒயர் அதைக் கடந்துவிடும். நாதசுரத்தில் காற்று அதைக் கடக்காது, அந்த இடத்திலேயே சுருதி குழம்பும். அதனால் படிப்படியாகப் பருமன் கூடும் துரப்பணங்களைச் செலுத்தி, உட்கூம்பை இழைத்து ஒன்றாக்க வேண்டும்.

நாம் இன்று கையாளும் பிட்டுகளுக்கும் வயது ஆகிவிட்டது. முறுக்குப் பிட்டுக்கு அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் காப்புரிமை வாங்கியது 1863இல். தட்டையான அடிப்பரப்போடு சுத்தமான துளை போடுகிற பிட்டை பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874இல் பதிந்தார். டெயில்ஸ்டாக்கில், பிட்டைப் பிடிக்கும் ட்ரில் சக்கைச் செருகும் சாய்வுத் துளையும் மோர்ஸின் பெயரில்தான் வழங்குகிறது. அந்தச் சாய்வு உராய்வால் மட்டுமே பிடித்திருக்கிறது, பூட்டு கிடையாது. முன்னே தள்ளும்போது இறுகும். பின்னே இழுக்கும்போது, பிட் மரத்துக்குள் கவ்வியிருந்தால், சக் அப்படியே கழன்று மரத்தோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். அரைக் கிலோ இரும்பு முகத்துக்கு நேராகச் சுழல்வதை நினைத்துப் பாருங்கள். பிட்டை வெளியே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இடது கையால் சக்கின் உடலைப் பிடித்து அழுத்திக்கொண்டே வலது கையால் டெயில்ஸ்டாக்கின் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஆழம் கூடும்போது, சக்கரம் திருப்ப வெளியே நீளும் குவிலின் நீளம் போதாமல் டெயில்ஸ்டாக்கையே நகர்த்த வேண்டிவரும். அப்போது மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

இரண்டு மூன்று செ.மீ. போனதும் பிட்டை வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிட வேண்டும். ஆழம் கூடக் கூட இன்னும் அடிக்கடி. கயிறு திரும்பி ஓடியபோது தானாக நடந்த வேலை இது.

உடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் பட்டறைகளில் வேட்டியும், தோளில் துண்டும், மணிக்கட்டில் கோயில் கயிறும் சகஜம். கயிற்றுக் கடைசலில் துண்டு சிக்கினால் சிரித்துக்கொண்டு எடுத்துவிடலாம். மோட்டார் கடைசலில் துண்டின் நுனி சக்கில் பட்டால் ஒரு நொடியில் கழுத்து போய்ச் சேரும். கையுறையும் ஆகாது, அதையும் சுழலும் மரம் பிடித்து உள்ளே இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம் இரண்டும் வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. ஐம்பது வயதில் இருமலோடு பட்டறையை விட்டு இறங்குகிற ஆசாரிமாரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. கரண்ட் போகும்போது கடைசல் நின்றுவிடும். சுவிட்சை அணைக்க மறந்து, சிக்கிய பிட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டிருக்கும் நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தால் மரம் தானாகச் சுழலத் தொடங்கிவிடும். இதைத் தடுக்கும் சாதனத்தை மீன்சுருட்டிப் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும்: பம்புசெட்டில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டர்தான். கரண்ட் போனால் அதன் காயில் விட்டுவிடும். பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். போர் கொட்டகையில் அக்கறையாக ஸ்டார்ட்டர் வைத்திருக்கும் வீட்டிலேயே, தச்சுப் பட்டறையின் மோட்டார் வெறும் சுவிட்சில் ஓடினால் அதை மாற்றச் சொல்லுங்கள். ஆட்டோ போடாத ஸ்டார்ட்டராக இருக்கட்டும். கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவிடும், பம்புசெட்டுக்கு வசதியான ஆட்டோ, கடைசலில் அதே ஆபத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். சிவப்புப் பொத்தான், நிற்கிற இடத்திலிருந்து கையை நீட்டாமல் தட்டும் தூரத்தில், சுழலும் மரத்துக்கு மேலே எட்டிப் போக வேண்டாத பக்கத்தில் இருக்க வேண்டும்.